பெஸ் நகரில் ஒரு மிடறு

பிரயாணக் குறிப்புகளை எழுதுவோர், எந்தக் கோட்டையைப் பார்க்க வேண்டும், எந்த மண்டபத்தின் முன்னே நிற்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் விரிவாகவே எழுதுகின்றனர். கால் களைத்துப் போனால் எங்கே உட்காருவது என்பதை மட்டும் எழுத மறந்துவிடுகின்றனர். முழங்கால் நோவையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு புறப்படும் எம்மைப் போன்றோருக்கு முதலில் வேண்டியது அந்தச் செய்திதான். ஆகவே இவ்வாரம், மொரோக்கோ நாட்டின் பழம்பெரும் நகராகிய பெஸ்ஸிலே, ஆறுதலாக அமர்ந்து ஏதேனும் குடிப்பதற்கு நாம் இடம் தேடி அலைந்த கதையை வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றோம். 'ஏதேனும்' என்று பொதுப்படச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அது போகப் போகத் தெரியவரும்.

நாம் மூவராகச் சென்றிருந்தோம். எமது இல்லத்தரசியாருக்கு நான்கு மணியானால் தேநீர் வேண்டும், இல்லையேல் தலையிடி. எம்முடன் வந்த பள்ளித் தோழருக்கோ பொழுதுபட்டால் ஒரு குவளை பியர் வேண்டும்; இல்லையேல் முகம் வாடிவிடும். எமக்கு நாற்காலி ஒன்று கிடைத்தாற் போதும். குடிப்பது எதுவாயினும் சரி.

திண்ணை இல்லாத ஊர்

பெஸ் நகருக்கு 789ஆம் ஆண்டிலே அடிகோலியவர் முதலாம் இத்ரீஸ் என்னும் மன்னர். அவர் மைந்தர் இரண்டாம் இத்ரீஸ் அதனை விரித்துத் தலைநகராக்கினார். 859ஆம் ஆண்டிலே, பாத்திமா அல் பிஹ்ரி என்னும் பெண்மணியார் தமக்குக் கிடைத்த முதுசொத்தைக் கொண்டு கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டுவித்தார் என்பது வழிவழி வந்த வரலாறு. அப்பள்ளிவாசலைச் சார்ந்து வளர்ந்த கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. பழைய நகர் முழுவதையும் 1981இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இவ்வளவு பெருமை வாய்ந்த நகரிலே மோட்டார் வண்டி நுழைய வழியில்லை. ஒழுங்கைகள் அத்துணை ஒடுக்கமானவை. சில இடங்களிலே இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு சாய்ந்துகொள்ள வேண்டும். பொதி சுமந்த கோவேறு கழுதை பின்னால் வரும்போது, அதனை ஓட்டி வருபவன் "பாலக்! பாலக்!" என்று குரல் கொடுப்பான். 'வழி விடு' என்பது பொருள். அதைக் கேட்டும் விலகாதவர் கழுதையிடம் இடி வாங்குவார்.

இரு மருங்கும் உயர்ந்த சுவர்களே தெரியும். நம்மூர் வீடுகளைப் போல வீதியைப் பார்த்த திண்ணையோ விறாந்தையோ அங்கில்லை. அழகு, நிழல், நீர், மலர் எல்லாவற்றையும் அம்மக்கள் வீட்டின் நடுவே உள்ள முற்றத்தில் வைத்துச் சுவரால் மூடிவிட்டனர். ஆதலால் வந்தேறியாகிய நமக்கு முதல் நாள் கிடைப்பது வெறும் சுவரும், கூட்டமும், தாகமுமே.

ஆடவர் கூடும் கடை

நகருக்குள் நுழையும் பெருவாயில்களில் ஒன்று பூ ஜலூத் வாயில். வெளிப்புறம் நீல ஓடுகளும் உட்புறம் பச்சை ஓடுகளும் பதித்த வாயில் அது. நகரின் வயதை எண்ணி அதனையும் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் கருதிவிட்டோம். உண்மையில் அது கட்டப்பட்டது 1913ஆம் ஆண்டிலேதான்.

வாயிலை அடுத்துக் கோப்பிக் கடைகள் பல உண்டு. ஒன்றின் முன்னே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவை ஒன்றையொன்று நோக்கிப் போடப்பட்டவை அல்ல. படமாளிகையிற் போல எல்லாம் வீதியைப் பார்த்தபடி இருந்தன. அவற்றிலே அமர்ந்திருந்தவர் அத்தனை பேரும் ஆடவர். ஒரு குவளை கோப்பியை முன்னே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தாலும், "இன்னும் என்ன வேண்டும்?" என்று எவரும் வந்து கேட்பதில்லை. கோப்பியும் பாலும் சரிபாதி கலந்ததை 'நுஸ் நுஸ்' என்கின்றனர். 'பாதி பாதி' என்பது பொருள்.

"இதைவிடச் சுகமான இடம் வேறு ஏது?" என்று நாமும் தோழரும் அமர்ந்துவிட்டோம். இல்லத்தரசியாரும் அமர்ந்தார். எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, முறைத்துப் பார்க்கவுமில்லை. ஆயினும் அவர் முந்தானையை இரண்டு முறை இழுத்துப் போர்த்திக்கொண்டதையும், கோப்பி ஆறி ஆடை படியும்வரை அதைத் தொடாதிருந்ததையும் நாம் காணவில்லை. கண்டவர் தோழரே.

"உங்களுக்கு இளைப்பாறுதல், எனக்குக் காவல்" என்றார் இல்லத்தரசியார், எழுந்து நடக்கும்போது.

அச்சொல் எமக்குச் சுருக்கென்றது. மூவர் அமர்ந்த இடத்தில் இருவர் மட்டுமே இளைப்பாறினால் அஃது இளைப்பாறும் இடமாகுமா? அன்று தொடக்கம் எமது தேடுதலுக்கு அளவுகோல் இதுவே ஆயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1912க்குப் பின்னர் அமைத்த புதிய நகர்ப் பகுதியிலே கேக்கும் கோப்பியும் விற்கும் கடைகளில் குடும்பம் குடும்பமாகவும், மாணவியர் கூட்டமாகவும் அமர்ந்திருப்பதைப் பின்னர் கண்டோம். ஆடவர் மட்டுமே கூடும் பழைய கடைவழக்கம் ஊர் முழுவதற்கும் உரியதன்று.

விலை கேட்காத தண்ணீர்

பூ ஜலூத்திலிருந்து 'பெரிய ஏற்றம்' என்று பொருள்படும் தலா கபீரா வீதி வழியே இறங்கினோம். இறங்கி வந்த இடத்தில் நஜ்ஜாரீன் சதுக்கம் எதிர்ப்பட்டது. நஜ்ஜாரீன் என்றால் தச்சர்கள். அங்கே சுவரோடு அமைந்த நீர்த்தாரை ஒன்று உண்டு. வண்ண ஓடுகளைச் சிறு சிறு துண்டுகளாகச் செதுக்கிப் பதித்து, மேலே மர வேலைப்பாட்டுடன் கூரை வேய்ந்திருக்கின்றனர். பெஸ் நகரின் தெருக்களிலே இத்தகைய நீர்த்தாரைகள் பல உள்ளன. ஆற்று நீரையும் ஊற்று நீரையும் வாய்க்கால் வழியாகப் பள்ளிவாசல்களுக்கும் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் பகிர்ந்தளித்த பழைய ஏற்பாட்டின் முகங்கள் அவை. தாகத்தோடு வருபவனிடம் ஊர் பேர் கேளாமல் நீர் தருவதற்கு நம்மவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். அவர்களோ அதனைச் சுவரிலேயே கட்டி வைத்தனர். அந்நிய வயிறு உடையவர்கள் அங்கே போத்தல் நீர் குடிப்பதே புத்தி. ஆயினும் முகத்திலும் கைகளிலும் அந்நீரை அள்ளித் தெளித்தபோது பாதிக் களைப்பு அகன்றது.

அருகில் நிற்கும் பெரிய கட்டடம், வணிகர்கள் தங்கிப் பொருள்களை இறக்கி வைத்த பழைய சத்திரம். பதினெட்டாம் நூற்றாண்டிலே கட்டப்பெற்ற அது இன்று மரவேலை அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. அதன் மொட்டை மாடியிலே தேநீர் தருகின்றனர். படிகளில் ஏறி மேலே சென்றதும், கீழே நாம் பட்ட நெருக்கம் முழுதும் மறைந்து, பச்சை ஓட்டுக் கூரைகளும் பள்ளிவாசற் கோபுரங்களும் கண்முன் விரிந்தன. இந்நகரில் காற்று வேண்டுமானால் மேலே ஏற வேண்டும் என்பது அங்கே நாம் கற்ற முதற் பாடம். இல்லத்தரசியார் தேநீரைச் சூட்டோடு குடித்தார். அதனை நாம் குறித்துக்கொண்டோம்.

தேயிலை நாட்டார் கற்ற தேநீர்

தேயிலை விளையும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். தேநீரைப் பற்றி நமக்கு யார் சொல்லித்தர முடியும் என்ற இறுமாப்பு இருக்கத்தானே செய்யும்? அதனை அடக்கியது ஸப்பாரீன் சதுக்கம். கரவிய்யீன் நூல்நிலையத்தை ஒட்டிய அச்சதுக்கத்திலே செம்பு வேலை செய்வோர் கிடாரங்களையும் தட்டங்களையும் நாள் முழுதும் தட்டிக்கொண்டிருப்பர். ஓரத்திலே சிறு தேநீர்க்கடை. சம்மட்டி ஒலி காதைப் பிளக்கும் இடத்தில் எப்படி இளைப்பாறுவது என்று கேட்பீர்கள். நாம் சொல்வதை நம்புங்கள்: ஐந்து நிமிடத்தில் அவ்வொலி தாளமாகிவிடுகின்றது, பத்தாவது நிமிடத்தில் கண் செருகுகின்றது.

அங்கே தேநீர் என்றால் பச்சைத் தேயிலை. சீனாவிலிருந்து வருவது. இலையைச் சிறு மணிகளாகச் சுருட்டியிருப்பதால் ஆங்கிலேயர் அதற்கு வெடிமருந்துத் தேயிலை என்று பெயரிட்டனர். உலகிலேயே சீனத்துப் பச்சைத் தேயிலையை மிகுதியாக வாங்கும் நாடு மொரோக்கோதான். தேநீர்ச் செம்பிலே இலையையிட்டுச் சிறிது கொதிநீர் ஊற்றி, அம்முதற் சாற்றைத் தனியே எடுத்து வைப்பர். மீண்டும் நீர் ஊற்றி அலசி, அந்தக் கைப்பு நீரை எறிந்துவிடுவர். பின்னர் முதற் சாற்றைத் திரும்பச் சேர்த்து, புதினாவைக் கொத்தாகத் திணித்து, கூம்பு வடிவான சீனிக் கட்டியிலிருந்து உடைத்த பெருந்துண்டுகளை இடுவர். குளிர்காலமானால் புதினாவோடு மாசிபத்திரியின் இனத்ததாகிய ஒரு கைப்புத் தழையையும் சேர்ப்பதுண்டு. கடைசியாகச் செம்பை முழ உயரம் தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளையிலே நுரை எழ ஊற்றுவர். நுரையில்லாத தேநீரை அவர்கள் தேநீராகவே மதிப்பதில்லை.

இவ்வளவு பழகிப்போன வழக்கம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அன்று, பதினெட்டாம் நூற்றாண்டிலே அரண்மனைக்கு வந்த அருமைப் பொருள் தேயிலை. 1853 முதல் 1856 வரை நடந்த கிரைமியப் போரினால் வேறிடத்தில் விலைபோகாத தம் தேயிலையை ஆங்கில வணிகர் மொரோக்கோத் துறைமுகங்களிலே இறக்கினர் என்றும், அதன் பின்னரே அது குடிசை தோறும் புகுந்தது என்றும் கூறுவர். நம் நாட்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் இட்டது 1867இல். நம்முடையது என்று நாம் நெஞ்சு நிமிர்த்தும் தேயிலைக்கும், அவர்களுடையது என்று அவர்கள் உபசரிக்கும் தேநீருக்கும் ஏறக்குறைய ஒரே வயது!

தோழரின் மாலைப்பொழுது

இனித் தோழரின் பியருக்கு வருவோம். மொரோக்கோ மதுவே இல்லாத நாடு அன்று. பெஸ்ஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீற்றரில் உள்ள மெக்னெஸ் வட்டாரம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சிக் காலத்திலே பெருக்கிய அத்தோட்டங்களின் வைனில் பெரும்பகுதி இன்று அந்நாட்டிலேயே செலவாகின்றது. ஆனால் 1967ஆம் ஆண்டின் விதியொன்று, அனுமதிப்பத்திரம் பெற்ற கடைக்காரர் எவரும் முஸ்லிம் மொரோக்கருக்கு மதுவை விற்கவும் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது என்கின்றது. விதி ஏட்டில் இருக்கின்றது. மது மேசையில் இருக்கின்றது. இரண்டுக்கும் நடுவே திரை ஒன்று தொங்குகின்றது.

அத்திரையை நாம் கண்ணாலேயே கண்டோம். எமக்கு வழிகாட்டிய இளைஞர் ஒருவர், தோழரின் நச்சரிப்புப் பொறுக்காமல் எம்மைப் புதிய நகரிலுள்ள ஒரு மதுக்கடைக்கு அழைத்துச் சென்றார். இல்லத்தரசியார் விடுதியிலேயே தங்கிவிட்டார். சன்னல்களெல்லாம் மூடியிருந்தன. உள்ளே மங்கிய வெளிச்சம், புகை, முதுகைக் கூனியபடி ஆடவர். நம்மூர்த் தவறணையிலாவது பாட்டுக் கேட்கும். இங்கே எல்லாரும் எதையோ விரைவில் முடித்துவிட்டுப் போக வந்தவர்களைப் போல் இருந்தனர்.

இளைஞர் வாசலிலேயே நின்றார். தோழருக்கு உற்சாகம். "தம்பி, வாரும்! நீரும் ஒரு குவளை எடும். காசு நான் கொடுக்கிறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தார். இளைஞர் சிரித்து மறுத்தார். தோழர் விடவில்லை. பரிமாறுபவர் ஒரு முறை எங்களையும் ஒரு முறை கதவையும் பார்த்தார். மேசைகளிலிருந்து சில தலைகள் திரும்பின. சிரித்த முகத்தோடே அந்த இளைஞர் வெளுத்துப் போனதை நாம் கண்டோம். இம்முறை கண்டவர் நாம், காணாதவர் தோழர்.

பியரைப் பாதியில் விட்டு வெளியே வந்தோம். சிறிது தூரம் நடந்த பின்னர் இளைஞர் மெல்லச் சொன்னார்: "ஐயா, நான் ஒருநாளும் தொட்டதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் நாளை மறுநாள் போய்விடுவீர்கள். நான் இங்கேதான் இருக்க வேண்டும். என் தகப்பனாரும் இந்த வீதியால்தான் போய் வருகிறார்."

தோழர் ஒன்றும் பேசவில்லை. விடுதி வரும்வரை எவரும் பேசவில்லை.

நீர்க்கடிகார ஒழுங்கை

மறுநாட் காலை, தோழரே இளைஞரைத் தேடிச் சென்று, "தம்பி, இன்று உமக்குப் பிடித்த இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போம்" என்றார். அவர் அழைத்துச் சென்றது பூ இனானியா மத்ரஸாவுக்கு எதிரேயுள்ள ஒழுங்கையிலே, 'கஃபே குளொக்' என்னும் கடைக்கு. மத்ரஸாவுக்கு எதிர்ச்சுவரிலே பதினான்காம் நூற்றாண்டு நீர்க்கடிகாரம் ஒன்றின் எச்சம் இருக்கின்றது. கடையின் பெயர் அதிலிருந்து வந்தது. பழைய வீடு, நடுவே முற்றம், தட்டுத் தட்டாக அறைகள், உச்சியில் மாடி. ஊர்ப் பெண்களும் வெளியூரார்களும் மாணவர்களும் கலந்து இருந்தனர். எவரும் எவரையும் நோக்கவில்லை. இல்லத்தரசியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி அமர்ந்தார். அதைவிட வேறு சான்று வேண்டுமா?

அம்மாடியிலிருந்து மத்ரஸாவின் கோபுரத்தைப் பார்த்தபோது எமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அம்மத்ரஸாவைக் கட்டியவர் சுல்தான் அபூ இனான். 1350 முதல் 1355 வரை நடந்தது அந்த வேலை. அதே சுல்தானின் ஆணைப்படிதான், இதே நகரில், இப்னு பதூதா தம் பிரயாணக் கதையைச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதி 1355இல் முடித்தார். 1344இல் நமது புத்தளத்துக் கரையில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியின் உபசாரம் பெற்று, பாவா ஆதம் மலையென அவர் போற்றிய சிவனொளிபாத மலைக்கு ஏறிய அதே இப்னு பதூதாதான். நம் நாட்டு மன்னனைப் பற்றிய அச்செய்தி இந்த ஒழுங்கைகளிலே எங்கோ ஒரு முற்றத்தில் அமர்ந்து சொல்லப்பட்டது. அன்று அவர்கள் முன்னே தேநீருமில்லை, கோப்பியுமில்லை. இரண்டும் அந்நாட்டுக்கு வந்தது பின்னாளிலே. தண்ணீரைக் குடித்துக்கொண்டே பேசியிருத்தல் கூடும். பேச்சுக்கு வேண்டியது பானமன்று, அவசரமில்லாத இடமே.

அன்று மாலை தோழருக்கும் வழி பிறந்தது. பழைய நகரின் பெரிய வீடுகள் பல இன்று விடுதிகளாகியுள்ளன. அவற்றுள் அனுமதிப்பத்திரம் பெற்றவை சில உண்டு. எமது விடுதியாரிடம் விசாரித்து அத்தகையதொன்றுக்குச் சென்றோம். தோடை மரமும் நீர்த்தாரையும் உள்ள முற்றத்திலே, ஒளிவின்றியும் ஆரவாரமின்றியும் ஒரு குவளை பியரைத் தோழர் ஒரு மணி நேரம் குடித்தார். இளைஞரை அவர் அழைக்கவில்லை. விடைபெறும்போது மட்டும், "தம்பி, தகப்பனாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லும்" என்றார். இளைஞர் நெஞ்சிலே கை வைத்துத் தலை வணங்கினார்.

போவோர்க்குச் சில சொற்கள்

பெஸ்ஸுக்குச் செல்லும் வாசகர்கள் இவற்றை மனத்திற் கொள்க. மாடிக்கடைகளிற் சில, சாப்பாட்டு வேளையில் உண்பவருக்கே இடம் தரும், அமருமுன் கேட்டுக்கொள்க. தேநீரில் சீனி மிகுதி. வேண்டாதவர் முன்கூட்டியே சொல்க. ரமழான் மாதத்துப் பகலிலே கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பொழுது சாய்ந்த பின்னரே ஊர் விழிக்கும். மது அருந்துவோர் அனுமதி பெற்ற இடத்திலன்றி வேறெங்கும் அதனை வெளியே காட்டற்க. வெறியோடு வீதியில் திரிவது அந்நாட்டிலே தண்டனைக்குரிய குற்றம்.

இல்லத்தரசியார் ஸப்பாரீன் சதுக்கத்தில் வாங்கிய தேநீர்ச் செம்பு இப்போது எம் வீட்டு மேசையில் இருக்கின்றது. அதிலே ஊறுவது நுவரெலியாத் தேயிலைதான். புதினா மட்டும் கொல்லைப்புறத்தது. முழ உயரத்திலிருந்து ஊற்றும் வித்தை எமக்கு இன்னும் கைவரவில்லை, மேசைவிரிப்பே சாட்சி. சென்ற ஞாயிறு தோழர் வந்திருந்தார். குவளையை நீட்டியபோது, "இன்றைக்கு வேண்டாம்" என்றார். நாம் இரண்டாம் முறை வற்புறுத்த வாயெடுத்தோம். இல்லத்தரசியார் எம்மை ஒரு பார்வை பார்த்தார். குவளையைத் திருப்பி எம்முன்னே வைத்துக்கொண்டோம்.